வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு நெட் கால்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

துபாயில் இரவு 9 மணி என்றால் நம் குமரி மாவட்டத்துக் குளச்சலிலும் கருங்கலிலும் 10.30. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு வீட்டுக்கு அழைக்கிற நேரம் அது. அம்மை தூங்கப் போகிற நேரமும் அதுவே. பேசக் கிடைப்பது அரை மணி நேரம். அதில் பாதி "ஹலோ, கேக்குதா?" என்பதிலேயே கரைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு. வளைகுடாவில் வேலை செய்கிறவர், கப்பலில் இருக்கிறவர், சிங்கப்பூருக்கு மகளைப் பார்க்கப் போயிருக்கிற பெற்றோர் என யாருக்கும் பொருந்தும். வாட்ஸாப்பை வைத்துச் சொல்லியிருக்கிறோம். மற்றச் செயலிகளிலும் பெயர்கள்தான் மாறும், காரணங்கள் இவையே.

கோளாறு வந்ததும் பலர் முதலில் தன் போனை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள், பிறகு சிம்மை மாற்றுவார்கள், கடைசியில் செயலியையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். இந்தக் கடைசி வேலையை வெளிநாட்டில் இருக்கும்போது செய்யவே செய்யாதீர்கள். ஏன் என்பது கீழே, ஓடிபி பகுதியில் இருக்கிறது. பெரும்பாலான சமயம் குறை உங்கள் போனிலேயே இருக்காது. வீட்டில் இருக்கிற போனில் இருக்கும்.

எதையும் தொடும் முன்: குறை யார் பக்கம்?

இரண்டு சோதனை போதும். முதலாவது, வீட்டுக்குப் பத்து விநாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்புங்கள். ஒரே டிக்கில் நின்றால் வீட்டுப் போனுக்கு நெட் போய்ச் சேரவில்லை, அல்லது அங்கே வாட்ஸாப் உறங்கிக் கிடக்கிறது. இரண்டு டிக் விழுந்தும் கால் மட்டும் சரியில்லை என்றால் நெட் இருக்கிறது. நேரடிப் பேச்சு போகிற வழியில்தான் சிக்கல். மெசேஜ் பத்து விநாடி தாமதித்து வந்தாலும் முழுசாக வந்துவிடும். காலில் வருகிற குரல் அரை விநாடி பிந்தினாலே பயன் இல்லை. அதனால்தான் "மெசேஜ் எல்லாம் போகுது, கால் மட்டும் போகல்ல" என்ற நிலை வருகிறது.

இரண்டாவது, நீங்கள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கிற வேறு ஒருவரை வாட்ஸாப்பில் கூப்பிடுங்கள். அவரும் அதே போல அம்மையைக் கூப்பிடட்டும். நீங்கள் அவரிடம் தெளிவாகப் பேச முடிந்து, அவருக்கு அம்மை கிடைக்கவில்லை என்றால் குறை வீட்டில். அவருக்கு அம்மை நன்றாகக் கிடைத்து, உங்களுக்கு இருவருமே சரியாகக் கிடைக்கவில்லை என்றால் குறை உங்கள் பக்கம், அல்லது நீங்கள் இருக்கிற நாட்டின் விதியில்.

"காலிங்" என்றே நிற்கிறது, "ரிங்கிங்" வரவில்லை

திரையில் வருகிற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். "காலிங்" என்றால் உங்கள் அழைப்பு இன்னும் அந்தப் போனைத் தொடவில்லை. "ரிங்கிங்" என்று மாறினால்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. "அம்மை எடுக்கல்ல" என்று நாம் வருத்தப்படுகிற பல நாட்களில் அம்மையின் போன் சத்தமே போட்டிருக்காது.

முதல் சந்தேகம் பேட்டரி சேமிப்பு. ஆண்ட்ராய்டு போன்கள், முக்கியமாக ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்றவை, பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காகத் திறக்காமல் கிடக்கிற செயலிகளைப் பின்னணியில் நிறுத்திவிடும். அம்மை பகலில் வாட்ஸாப்பைத் திறக்கவே இல்லை என்றால் இரவில் அது உறங்கிக் கிடக்கும். செயலியைத் திறந்ததும் மிஸ்டு கால்கள் மொத்தமாக வந்து கொட்டும். இந்த ஒரு அடையாளம் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். வீட்டில் இருக்கிற பிள்ளையை வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள்:

1. செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸாப், பேட்டரி என்று போய் "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
2. "ஆட்டோஸ்டார்ட்" என்ற வசதி உள்ள போன்களில் வாட்ஸாப்புக்கு அதை ஆன் செய்ய வேண்டும். முதல் படியை மட்டும் செய்துவிட்டு இதை விட்டால், போன் ஒருமுறை அணைந்து எழுந்ததும் பழைய கதைதான்.
3. டேட்டா சேவர் ஆனில் இருந்தால் அணைக்க வேண்டும். அது பின்னணியில் நெட்டைத் தடுக்கும்.
4. நோட்டிஃபிகேஷன் பகுதியில் வாட்ஸாப் கால் அறிவிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
5. "போனை வேகமாக்கும்" கிளீனர் செயலி ஏதாவது இருந்தால் அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை அதை அழுத்தும்போதும் வாட்ஸாப்பையும் அது மூடிவிடும்.

இதையெல்லாம் ஊருக்கு வந்திருக்கிற விடுமுறையிலேயே முடித்துவிட்டால் நல்லது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து "மேலே வலப்பக்கம் மூணு புள்ளி இருக்குல்லா, அதைத் தொடும்மை" என்று சொல்லிக்கொடுப்பது இருவருக்கும் சோதனை.

அடுத்தது, வைஃபை. கறண்டு போனால் மோடமும் போகும். போன் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாற வேண்டும். ஆனால் வீட்டில் வைஃபை இருக்கிறதே என்று டேட்டாவை அணைத்து வைத்திருப்பார்கள், அல்லது பேக் தீர்ந்திருக்கும். பெரியவர்களின் போனில் சிறிய டேட்டா பேக் ஒன்று எப்போதும் உயிரோடு இருக்கட்டும்.

ரிங்கிங் வருகிறது, ஆனால் வீட்டில் மணி கேட்கவில்லை

புது நாட்டில் புது எண் எடுத்து அந்த எண்ணில் வாட்ஸாப் வைத்திருந்தால், அம்மையின் போனில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2023 முதல் வாட்ஸாப்பில் "சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்" என்ற வசதி உண்டு. செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்ற இடத்தில் இருக்கும். மோசடி அழைப்புகளுக்குப் பயந்து யாரோ அதை ஆன் செய்து கொடுத்திருப்பார்கள். அது நல்ல காரியம்தான், அணைக்க வேண்டாம். புது எண்ணைப் பெயரோடு சேமித்தாலே போதும், மணி அடிக்கும்.

இரவில் தானாக ஆன் ஆகிற "டூ நாட் டிஸ்டர்ப்" இன்னொரு காரணம். வீட்டில் 10 மணிக்கு அது தொடங்கும்படி வைத்திருந்தால் துபாயில் அப்போது 8.30தான். உங்கள் எண்ணை அதில் விதிவிலக்காகச் சேருங்கள்.

எடுத்துவிட்டார்கள், "கனெக்டிங்" என்று சுற்றிக்கொண்டே இருந்து அறுந்துவிடுகிறது

மணி அடிப்பது ஒரு வழி, குரல் போவது வேறு வழி. மணி அடிக்கும் சேதி, மெசேஜ் போகிற பாதையில் போய்விடும். குரல் வேறொரு பாதை கேட்கும். அந்தப் பாதையை யாராவது அடைத்து வைத்திருந்தால் எடுத்தது தெரியும், குரல் வராது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். அங்கே அனுமதி பெற்ற செயலிகளில்தான் நெட் கால் பேசலாம். வாட்ஸாப் கால் அந்தப் பட்டியலில் இல்லை. போட்டிம், கோசாட், சூம், கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகியவை அனுமதிக்கப்பட்டவை. அங்கே போகும் முன்பே வீட்டுப் போனிலும் அதே செயலியை ஏற்றி, ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒருவர் போட்டிம், இன்னொருவர் வாட்ஸாப் என்றால் கால் இணையாது.

விபிஎன் (வேறு நாட்டிலிருந்து நெட்டில் இருப்பது போலக் காட்டும் செயலி) போட்டால் வாட்ஸாப் கால் வந்துவிடும் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தில், குற்றம் செய்யவோ மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ உண்டு. அனுமதியில்லாத கால் பேசுவதற்காக அந்த வாசலில் போய் நிற்க வேண்டாம். அனுமதி உள்ள செயலியில் கூப்பிட்டுப் பேசுங்கள். வளைகுடா நாடுகள் எல்லாவற்றிலும் விதி ஒன்றல்ல, அவ்வப்போது மாறவும் செய்கிறது. போகிற நாட்டில் ஏற்கெனவே இருக்கிற ஊர்க்காரரிடம் "இப்ப எதுல பேசுதிய?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பழைய பழக்கத்தில் ஸ்கைப்பை நம்பி இருப்பவர்களுக்கு: அது 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

நாட்டில் தடை இல்லாமலேயே இந்த அறிகுறி வந்தால் நீங்கள் இருக்கிற வைஃபையைச் சந்தேகியுங்கள். விமான நிலையம், ஓட்டல், ஆஸ்பத்திரி, கம்பெனி கேம்ப் ஆகியவற்றின் வைஃபையில் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, நுழைவுப் பக்கத்தில் "ஏற்கிறேன்" என்று அழுத்தும்வரை நெட் திறக்காது. வைஃபை அடையாளம் மட்டும் முழுசாகத் தெரியும். பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போக முயன்றால் அந்தப் பக்கம் தானாக வரும். இன்னொன்று, அவர்கள் இணையதளம் பார்க்க மட்டும் அனுமதித்து, குரல் போகும் யூடிபி என்ற பாதையை அடைத்திருப்பார்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். உடனே இணைந்தால் குற்றவாளி அந்த வைஃபைதான்.

வாட்ஸாப்பில் பிரைவசி, அட்வான்ஸ்டு என்ற பகுதியில் "புரொடெக்ட் ஐபி அட்ரஸ் இன் கால்ஸ்" என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் குரல் நேரே போகாமல் நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், தரம் குறையலாம். வீட்டாரோடு மட்டும் பேசுகிறவர் அதை அணைத்துப் பார்க்கலாம்.

நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது

"மக்களே, ஒண்ணும் கேக்கல்ல" என்று அங்கிருந்து சொல்வது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால் நெட் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் மைக்கைப் பாருங்கள். மைக் அனுமதி, செட்டிங்ஸில் வாட்ஸாப்புக்கு இருக்கிறதா? பையில் கிடக்கிற புளூடூத் இயர்பட்ஸ் தானாக இணைந்து, குரலை அது எடுத்துக்கொண்டிருக்கிறதா? புளூடூத்தை அணைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் காலில் இருந்தபடியே ஸ்பீக்கரை அழுத்துங்கள். பல போன்களில் காதில் வைத்துப் பேசும்போது கீழ் விளிம்பில் உள்ள மைக்கும், ஸ்பீக்கரில் பேசும்போது மேலே உள்ள மைக்கும் வேலை செய்யும். ஸ்பீக்கரில் கேட்டு, காதில் வைத்தால் கேட்கவில்லை என்றால் கீழ் மைக் ஓட்டை அடைந்திருக்கிறது. சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவில் இருக்கும் ஓட்டை அது. ரப்பர் கவரின் துளை அதற்கு நேரே இல்லாமல் விலகி இருப்பதும், வியர்வையும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து கெட்டிப்பட்டிருப்பதும் அன்றாடம் பார்ப்பது. கவரைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். காய்ந்த மென்மையான பிரஷால் துடைக்கலாம். ஊசி போடாதீர்கள். சிம் தட்டைத் திறக்கிற துளை என்று நினைத்து மைக் ஓட்டையில் பின்னைக் குத்தி மைக்கைக் கிழித்தவர்கள் நிறைய. புதுச் சிம் போடும் நாளில்தான் இது அதிகம் நடக்கிறது. சிம் துளையைச் சுற்றித் தட்டின் விளிம்புக் கோடு தெரியும். மைக் ஓட்டையைச் சுற்றி எந்தக் கோடும் இருக்காது.

குரல் உடைகிறது, ரோபோ போலக் கேட்கிறது, பேசி முடித்த பிறகு வருகிறது

குரலைச் சின்னச் சின்னத் துண்டாக, ஒவ்வொன்றும் சுமார் 20 மில்லிசெகண்டு, விநாடிக்கு 50 என்ற கணக்கில் நறுக்கித்தான் நெட்டில் அனுப்புகிறார்கள். சில துண்டு தொலைந்தால் எழுத்து விழும். துண்டுகள் சீராக வராமல் கூட்டமாக வந்தால் ரோபோ குரல். எல்லாமே பிந்தினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நேரில் பேசுவது போல இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. 400-ஐத் தாண்டினால் உரையாடல் தடுமாறும்.

இதற்கு வேகமான பேக் மருந்தல்ல. குரலுக்கு மிகக் கொஞ்சம் டேட்டாவே போதும். வாட்ஸாப்பில் கால்ஸ் பட்டியலில் முடிந்த காலைத் தொட்டால் எத்தனை நிமிடம், எத்தனை எம்பி என்று காட்டும், நீங்களே கணக்கிடலாம். வீடியோவுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். எனவே முதல் மருந்து வீடியோவை அணைப்பது. பேரப்பிள்ளை முகத்தை முதல் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, குரலுக்கு மாறிக்கொள்ளுங்கள். இருவர் போனிலும் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" பகுதியில் "யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ்" என்பதை ஆன் செய்தால் மெலிந்த நெட்டில் குரல் நிலைக்கும். நெட் நன்றாக இருக்கும் நாளில் அதையே அணைத்து வையுங்கள்; இல்லையென்றால் தரம் வீணாகக் குறையும்.

பிறகு வீட்டு வைஃபை. நம் மாவட்டத்து வீடுகளில் மோடம் பெரும்பாலும் முன் ஹாலில் டிவிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி இருக்கும். அம்மை பேசுவதோ அடுக்களையில் அல்லது பின் அறையில். இடையில் இரண்டு மூன்று சுவர். பழைய பகுதி கருங்கல் சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். மோடம் இரண்டு பெயரில் வைஃபை தரும். பெயரின் முடிவில் 5ஜி என்று இருப்பது மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலை. வேகம் அதிகம், சுவரைத் தாண்டுவது கடினம். மோடம் இருக்கிற அறையிலேயே பேசினால் அதில் இணையுங்கள். சுவர்களுக்கு அப்பால் என்றால் மற்றது, 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலும் அறுந்தால் மோடத்தைத் தேடித் துழாவ வேண்டாம், பேசுகிற நாற்காலியை ஹாலுக்குக் கொண்டுவருவதே சுலபம்.

மொபைல் டேட்டாவில் பேசுகிற வீடு குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இறக்கத்தில் இருந்தால், ரேஞ்ச் முற்றத்தில் இரண்டு கோடும் அறைக்குள் ஒன்றுமாக இருக்கும். கான்கிரீட் கூரைக்குக் கீழே அலைவதைவிட ஜன்னல் ஓரத்தில் ஓரிடத்தில் நின்று பேசுவது மேல். நடந்துகொண்டே பேசினால் போன் வைஃபைக்கும் டேட்டாவுக்கும் மாறி மாறித் தாவும். திரையில் "ரீகனெக்டிங்" என்று வருவது அந்தத் தாவலின்போதுதான்.

மணிக்கு மணி மாறுகிறதா என்றும் பாருங்கள். காலை தெளிவு, இரவு 8 முதல் 11 வரை மட்டும் உடைகிறது என்றால் தெருவே அந்த நேரத்தில் நெட்டில் இருக்கிறது, அல்லது வீட்டிலேயே ஒருவர் கேம் இறக்கிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டர் இருந்தால் பிங் கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்கு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு சேதி போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்டு என்று அது காட்டும். 40, 42, 39 என்று எண்கள் சீராக இருந்தால் நெட்டில் குறை இல்லை. 40, 310, 55, 900 என்று துள்ளினால் பாதையில் நெரிசல். அரை மணி நேரத்துக்கு வீட்டில் மற்றவர்கள் டிவி நெட்டை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது

எதிரொலி கேட்கிற பக்கத்தில் குறை இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் விழுந்து உங்களுக்கே திரும்புகிறது. அவர்கள் சத்தத்தைக் குறைக்கட்டும், அல்லது வயர் ஹெட்செட் மாட்டட்டும்.

வீட்டில் நெட் மொத்தமாக இல்லை, மோடத்தில் சிவப்பு விளக்கு

ஃபைபர் இணைப்பு மோடத்தில் "லாஸ்" (LOS) என்ற இடத்தில் சிவப்பு எரிந்தாலோ சிமிட்டினாலோ ஃபைபர் வழியே ஒளி வரவில்லை. நூறு முறை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. ஜூன் மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் கிடைக்கிற மாவட்டம் இது. போஸ்ட்டோடு போகிற கேபிளில் தென்னை மட்டை விழுந்தாலே போதும். வீட்டுக்குள் ஒன்று மட்டும் பார்க்கலாம்: மோடத்துக்குள் போகிற மெல்லிய வயர் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியோ கூர்மையாக மடங்கியோ இருக்கிறதா? அதை நிமிர்த்துங்கள். நுனியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அதில் வருகிற லேசர் கண்ணுக்குத் தெரியாதது, கண்ணைக் கெடுக்கும். மற்றது லைன்மேன் வேலை. "லாஸ் சிவப்பு" என்று சொல்லியே புகார் கொடுங்கள். வெறுமனே நெட் இல்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி ஒரு நாள் போகும்.

எந்த விளக்குமே எரியவில்லை என்றால் கறண்டு. மோடத்துக்கு மினி யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டர் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்று இருந்தால் யுபிஎஸ்ஸும் அதே 12 வோல்ட், ஆம்பியர் 1.5 அல்லது அதற்கு மேல். வோல்ட் மாறினால் மோடம் போய்விடும். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் கறண்டு வேண்டும். இடி இடிக்கும்போது அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் மின்னலைக் கடத்தாது, கறண்டு லைன் கடத்தும்.

வாட்ஸாப் திடீரென்று ஓடிபி கேட்கிறது

செயலியை அழித்து மறுபடி ஏற்றினால் இந்திய எண்ணுக்கு ஓடிபி போகும். அந்தச் சிம் ஊரில் அலமாரியில் இருந்தாலோ, ரோமிங் இல்லாமல் இருந்தாலோ, வேலிடிட்டி முடிந்திருந்தாலோ அந்த ஓடிபி வராது. புறப்படும் முன் மூன்று வேலை: இந்தியச் சிம்மில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவையுங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள், வாட்ஸாப்பில் ஆறு இலக்க டூ-ஸ்டெப் பின் போட்டு எழுதிவையுங்கள். இந்தியச் சிம்மைப் போனின் இரண்டாவது இடத்திலேயே வைத்திருங்கள். பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இத்தகைய செயலிகள் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. வெளிநாட்டுச் சிம் போட்டதும் "எண்ணை மாற்றவா?" என்று கேட்டால், வீட்டார் பழைய எண்ணில்தான் கூப்பிடுவார்கள் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓடிபியை உதவி செய்ய வந்த யாருக்கும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

கப்பலிலிருந்தும் கடலிலிருந்தும்

கப்பல் நெட் பல சமயம் செயற்கைக்கோள் வழியே வருகிறது. பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள் என்றால் அது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரல் ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும். பதில் வர அரை விநாடிக்கு மேல். இது கோளாறல்ல, தூரம். வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: ஒருவர் பேசி முடித்து ஒரு மூச்சு விட்ட பிறகு அடுத்தவர் பேச வேண்டும். முடியாத நாளில் வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்புங்கள், நெட் கிடைக்கும்போது அது போய்ச் சேரும்.

தூத்தூர், வள்ளவிளை, குளச்சல் பக்கத்திலிருந்து ஆழ்கடல் தங்கலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போகிறவர்களுக்குக் கரை டவரைத் தாண்டியதும் எந்தச் செயலியும் உதவாது. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த வள்ளங்களுக்குச் சேதி சேராமல் போனதை இந்தக் கரை மறக்காது. அதற்காக வளைகுடாவிலிருந்து துராயா, இரிடியம் செயற்கைக்கோள் போனை வாங்கி வந்துவிடாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை உரிமம் இல்லாமல் இந்தியாவில் அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள். விசைப்படகு என்றால் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டை ஒவ்வொரு தங்கலுக்கும் முன் கரையில் நின்று பேசிச் சரிபார்த்து, எந்தச் சேனலில் எந்த நேரத்துக்குப் பக்கத்துப் படகைக் கூப்பிடுவது என்று பேசிவைத்துவிட்டு, அந்தப் படகின் பெயரையும் கரையில் இருக்கிற அதன் ஆட்களின் போன் எண்ணையும் வீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.